ஒன்பது பட்டன் குஷன்

கரீம் பாய் உட்கார்ந்து பார்க்காத சீட்டு பட்டறையை விட்டு வெளியே போகாது. சோபாவோ, கார் சீட்டோ, சபா நாற்காலியோ, தைத்து முடித்ததும் அதில் உட்கார்ந்து ஒரு டீ குடிப்பார். டீ தீரும்வரை அசைய மாட்டார். எழுந்ததும் ‘போலாம்’ என்பார். இல்லாவிட்டால் கத்தரியை எடுத்துப் பிரிக்க ஆரம்பித்துவிடுவார்.

மூன்று வருடங்களுக்கு முன் ஆழ்வார்பேட்டையில் ஒரு பால்கனிக்கு மூங்கில் தட்டி கட்டும்போது சன்ஷேடிலிருந்து விழுந்தார். இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. அதற்குப் பிறகு உட்கார்ந்து பார்க்கும் வேலை எனக்கு வந்தது.

நான் அவர்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். கச்சேரி ரோட்டிலிருந்து பிரியும் சந்து. கீழே முன்னறை பட்டறை. அதற்குப் பின்னால் அவரும் அஃப்சர் அக்காவும் இருக்கிற வீடு. அக்காவின் முழுப்பெயர் அஃப்சருன்னிசா. மென்பொருளில் பிழை பார்ப்பது என் வேலை, வீட்டிலிருந்தே செய்கிறேன். என் மனைவி அனன்யாவின் காரியம் முடிந்து ஒரு வாரம் இருக்கும். பாய் கீழேயிருந்து கூப்பிட்டார்.

“தம்பி, நீ இன்னா வேல பாக்கற?”

“டெஸ்டிங் பாய்.”

“அப்ப வா. இத்தயும் டெஸ்ட் பண்ணு.”

ஒற்றை சோபா. உட்கார்ந்தேன். அக்கா டீ கொண்டுவந்தார். குடித்து முடித்தேன்.

“எப்டி கீது?”

“நல்லா இருக்கு பாய்.”

பதினான்கு மாதங்களாக வாரத்துக்கு இரண்டு முறையாவது கூப்பிடுவார். அதே டீ, அதே கேள்வி. என் பதிலும் மாறவில்லை. யாரும் சீட்டைத் திருப்பிக் கொண்டுவரவில்லை.

மிஷினின் கால்மிதியைப் பிரித்து மேசை விளிம்பில் பொருத்தியிருந்தார். இடது முழங்கையால் அழுத்துவார். வலது கையால் ரெக்சினைத் தள்ளுவார். தையல் முன்பு ஓடிய மாதிரியே ஓடியது. காலை எட்டுக்கு சக்கர நாற்காலியில் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்கும் தொழுகைக்கும் மட்டும்தான் பட்டறையை விட்டு நகர்வார். நாற்காலியை விட்டு எழ முடியாது என்பதால் தொழுகையும் அதிலேயே.

அந்த நாற்காலியோடு வந்த குஷன் ஆறே மாதத்தில் அப்பளமாகிவிட்டது. மருந்துக்கடையில் காற்றடிக்கிற வளையம் ஒன்று கொடுத்தார்கள். “நடுவுல ஓட்டை வெச்சு தர்றான். இது இன்னா வடையா?” என்று அதைத் தூக்கிப் பரண்மேல் போட்டார். தை மாதம் தனக்கென்று ஒன்று தைத்துக்கொண்டார். அடியில் கெட்டியான ஃபோம், மேலே நாலு இஞ்சு. மெரூன் ரெக்சின். சுற்றிலும் விளிம்பில் கயிறு வைத்துத் தைத்த கறுப்புப் பைப்பிங். நடுவில் மூன்று வரிசையாக ஒன்பது பட்டன், இழுத்துக் கட்டியது. விரலால் தட்டினால் மத்தளம் மாதிரி சத்தம் வரும். சீட்டு எடுக்க வருகிறவர்கள் எல்லாம் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

அதிலும் நான் உட்கார்ந்து பார்த்தேன். நல்லா இருக்கு என்றேன்.

பங்குனித் தேர் முடிந்த மறுநாள் காலை. சந்து முனையில் நீர்மோர்ப் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஏழு மணிக்கே வேர்வையில் சட்டை நனைந்தது. அக்கா மாடி ஏறி வந்தார். அவர் மாடிக்கு வருவதில்லை; எதுவானாலும் கீழேயிருந்து குரல்தான். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போனை நீட்டினார்.

“தம்பி, தப்பா நெனைக்காத. இத்தப் பாரு.”

பாயின் உட்காரும் இடத்தின் படம். தினமும் குளிக்கவைத்தபின் அக்கா டார்ச் அடித்துப் பார்ப்பார். ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொல்லிக்கொடுத்த வழக்கம். இடது பக்கம் எலும்பு முட்டும் இடத்தில் ஒரு ரூபாய்க் காசளவு கறுஞ்சிவப்பு.

“அமுக்கினா வெளுக்கணும். வெளுக்கல. சூடா வேற கீது. நேத்தும் இருந்திச்சு. தேர்க் கூட்டத்துல எங்க போறதுன்னு வுட்டுட்டேன்.”

“பாய்க்குத் தெரியுமா?”

“தெரியும். ‘உக்காந்தா செவக்கத்தான் செய்யும்’ங்கறாரு.”

படத்தைப் பெரிதாக்கினேன். சிவப்புக்கு நடுவில் இன்னொரு சின்ன வட்டம், ஓரம் தெளிவாக. கொஞ்சம் தள்ளி நேராக ஒரு கோடு. வட்டம் பட்டனுடையது என்று தெரிந்தது. கோடு பைப்பிங்குடையது.

போன தடவையும் இப்படித்தான் ஆரம்பித்ததாம். விழுந்த புதிதில், ஆஸ்பத்திரியில், காசளவு. மூன்றாவது வாரம் அதில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைக்கலாம். எட்டு மாதம் குப்புறப் படுத்துக்கிடந்தார். நடுவில் காய்ச்சல் ரத்தத்தில் ஏறி ஐந்து நாள் கண் திறக்கவில்லை. இன்னொரு தடவை திறந்தால் அந்தத் தோல் சேருவது கஷ்டம் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள்.

கீழே போனேன். பாய் நாற்காலியில் தயாராக உட்கார்ந்திருந்தார். கையில் கத்தரி.

“காட்டிட்டாளா? என் பின்பக்கம் மாடி ஏறிடுச்சு. நான்தான் மூணு வருசமா ஏறல.”

“டாக்டர்கிட்ட போலாம் பாய். இல்ல, இந்த மாதிரி நாற்காலிக்கு குஷன் பாத்துத் தர்ற இடம் இருக்கும். தேடறேன்.”

“இன்னாத்துக்கு? நான் குஷன் வாங்கப் போனேன்னு தெரிஞ்சா லஸ்ஸுல கட வெச்சுக்கினு கீறவன் சிரிப்பான். மயிலாப்பூர்ல பாதிப் பேரு என் சீட்டு மேல குந்திக்கினு கீறான். எவனுக்கு இன்னா ஆச்சு?”

அக்கா ரொட்டி தேய்த்துக்கொண்டே உள்ளிருந்து சொன்னார். “அவங்களுக்கு நோவும். நோவுனா நெளிஞ்சு குந்துவாங்க. உங்களுக்கு யாரு சொல்றது?”

“தம்பி சொன்னாருல்ல. குந்திப் பாத்துட்டு நல்லாக் கீதுன்னாருல்ல. கேளு.”

பாய் என்னைப் பார்த்தார். நான் குஷனைப் பார்த்தேன். அவருக்கு அடியில் மெரூன் விளிம்பு மட்டும் தெரிந்தது.

“ஒருதரம் காட்டிட்டு வந்துடலாம் பாய்,” என்றேன்.

அக்கா ரொட்டிக்கட்டையோடு வெளியே வந்தார். “எட்டு மாசம் உங்க மூஞ்சிய நான் பாக்கல. முதுகத்தான் பாத்தேன். இன்னொருவாட்டி என்னால ஆவாது.”

பாய் கத்தரியை மேசையில் வைத்தார்.

அடையாறில் அப்படி ஒரு மையம் இருந்தது. ஆட்டோ சொன்னேன். நாற்காலிக்கும் ஆட்டோவுக்கும் நடுவில் பலகை போட்டு அவரைத் தள்ளிவிட்டோம். பலகையும் அவர் செய்ததுதான், பிளைவுட்டில் ரெக்சின் ஒட்டியது. ஆட்டோக்காரர் நாற்காலியை மடித்துப் பின்னால் கட்டினார். மெரூன் குஷனை அக்கா மடியில் வைத்துக்கொண்டார்.

“நைனா, இந்த சீட்டு எங்க தெச்சே?” என்று பாய் கேட்டார்.

“புதுப்பேட்டை பாய்.”

“அதான். போறதுக்குள்ள எனக்கே நோவும்போல கீது.”

ஆட்டோக்காரர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. மந்தைவெளியில் நின்ற சிக்னலில் முன்னால் குனிந்து பாயின் இடுப்புக்கு அடியில் தன் துப்பட்டாவை மடித்துச் சொருகப் பார்த்தார். பாய் கையைத் தட்டிவிட்டார்.

மையத்தில் இருந்த பெண்ணின் பெயர் அன்புச்செல்வி. முப்பத்தைந்து வயது இருக்கும். செருப்பில்லாமல் நடந்தார். பாயை அந்தக் குஷன் போட்ட நாற்காலியிலேயே உட்காரவைத்துச் சுற்றிவந்து பார்த்தார்.

“யார் தெச்சது?”

“நான்தாம்மா.”

“அழகா இருக்கு.”

பாய் எங்களைப் பார்த்தார்.

“அக்கா, நீங்க வாங்க,” என்று அன்புச்செல்வி கூப்பிட்டார். “உள்ளங்கை மேல பாக்குற மாதிரி வெச்சு, அவருக்கும் குஷனுக்கும் நடுவுல விடுங்க. எலும்பு எங்க முட்டுதுன்னு தேடுங்க. பாய், நீங்க அசையாதீங்க.”

அக்கா மண்டிபோட்டார். கையை உள்ளே விட்டார். மணிக்கட்டுவரை போனது. முகம் சுருங்கியது.

“கெடச்சுதா?”

“கெடச்சுது.”

“விரலைக் கீழ அமுக்குங்க. எவ்ளோ அமுங்குது?”

“எங்க அமுங்குது? நசுக்குதும்மா. பட்டன் மேல வெரல் மாட்டிக்கிச்சு. எடுக்க முடியல.”

“கொஞ்சம் அப்படியே இருங்க.”

அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். அரை நிமிடம்கூட இருக்காது. பாய் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு கைகளையும் நாற்காலிப் பிடியில் ஊன்றி உடம்பைத் தூக்கினார்.

“எட்றீ கைய.”

அக்கா எடுத்தார். நடுவிரலில் வட்டமாகப் பதிந்திருந்தது. பாய் அந்த விரலை வாங்கிக் கட்டைவிரலால் தேய்த்தார். தையல் பார்ப்பதுபோல வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். 

அன்புச்செல்வி அவரைக் கட்டிலுக்கு மாற்றி மூன்று குஷன்களைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். பாய் கையால் பார்க்க ஆரம்பித்தார். அந்தக் கைக்கு வேறு யாரும் சொல்லத் தேவையில்லை.

முதலாவது குழிவெட்டிய ஃபோம். “நல்ல சரக்கு. வெட்டினவனும் தொழில் தெரிஞ்சவன். ஆனா ஒரு வருசத்துல படுத்துடும்.”

“படுத்துடும். அப்ப மாத்தணும்,” என்றார் அன்புச்செல்வி.

இரண்டாவது கறுப்பு ரப்பரில் வரிசை வரிசையாகப் புடைத்திருந்தது. “இன்னாம்மா இது, முட்டை அட்ட?”

“காத்து. ஒவ்வொரு முட்டையும் தனியா அமுங்கும். எலும்பு முட்டற எடத்துல மட்டும் எறங்கிக்கும், மத்தது தாங்கும். இப்ப உங்களுக்கு இருக்கிற சிவப்புக்கு எனக்கு முதல்ல இதான் தோணுது.”

“அப்ப இதான் போடு,” என்றார் அக்கா உடனே.

“இருங்கக்கா. வீட்ல எங்க உக்காந்து வேலை செய்யறாரு?”

அக்கா பட்டறையைச் சொன்னார். சொல்லச் சொல்ல வேகம் குறைந்தது. தரை முழுக்க ஸ்டேபிள் பின். வளைந்த ஊசி. மேசையில் கத்தி. “வாரத்துக்கு ஒண்ணு என் கால்லயே ஏறும்.”

“அதான் கேட்டேன். ஒரு பின் போதும். டப்புன்னு போகாது, மெதுவாப் போகும். நமக்கு உக்காந்தா தெரிஞ்சுடும், அவருக்குத் தெரியாது. சாயங்காலம் வரைக்கும் வெறும் தட்டு மேல உக்காந்திருப்பாரு. அதோட அது ஆடும். சாஞ்சு வெட்டறவருக்குப் பிடிமானம் இருக்காது.”

பாய் காற்றுக் குஷனைத் தள்ளிவைத்துவிட்டு மூன்றாவதை எடுத்தார். கனமாக இருந்தது. முன்பக்கம் ஃபோம், தொடைக்கு வாய்க்கால் மாதிரி குழிவு. பின்பக்கம் எலும்பு படுகிற இடத்தில் களிமாதிரி ஏதோ ஒன்று பையில் அடைத்திருந்தது. விரலை வைத்தால் மெதுவாக விலகி இடம் கொடுத்தது.

“ஜெல்லு. குத்தினாலும் ஒரே நாள்ல ஒண்ணுமில்லாமப் போயிடாது. ஆடாது. ஆனா கனம். நம்ம வெயிலுக்கு சூடு பிடிக்கும். ரெக்சின் கூடாது பாய். வேர்வை உள்ளயே நிக்கும், தோல் ஊறிடும். இழுத்தா நீள்ற துணி, தளர்வா. பட்டன் வேணாம். பைப்பிங்கும்.”

“பைப்பிங் இல்லாம ஒரு சீட்டா?”

“இல்லாமத்தான்.”

பாயை அதன்மேல் உட்காரவைத்தார்கள். அக்கா மறுபடி கையை விட்டார். பாய் மறுபடி அவர் முகத்தைப் பார்த்தார்.

“எலும்பு தெரியுது. வெரலு அமுங்குது. கீழ இன்னும் ஒரு இஞ்சு கீது.” கை சுலபமாக வெளியே வந்தது.

“தம்பி, நீயும் ஒருவாட்டி குந்திச் சொல்லு,” என்றார் பாய்.

அன்புச்செல்வி வேண்டாமென்று தலையாட்டினார். “இவர் எலும்பு வேற, எடை வேற. அழுத்தத்தை அக்கா கைதான் சொல்லணும், தினமும். தையல் உறுத்துதா, துணி மடிஞ்சிருக்கா, அது வேணா இவரு சொல்லலாம்.” பிறகு பாயிடம் விரலை நீட்டினார். “இன்னொண்ணு. நல்ல குஷன் வாங்கியாச்சுன்னு எட்டு மணி நேரம் உக்காந்தீங்கன்னா இதுவும் கடிக்கும். கால் மணிக்கு ஒருதரம் முன்னால குனியணும், நெஞ்சு முட்டி மேல படற மாதிரி. ரெண்டு நிமிஷம். அதுக்கும் முன்னாடி, அந்தச் சிவப்பு போறவரைக்கும் எதுமேலயும் உக்காரக் கூடாது. படுக்கைதான்.”

“எத்தினி நாளு?”

“அதுதான் சொல்லணும். தோலு.”

வீட்டுக்கு வந்து பாய் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டார். முதல் நாள் பட்டறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பட்டறையில் பாதி தைத்த திவான் ஒன்று நின்றது. இரண்டாம் நாள் அந்த மெரூன் குஷனைக் கேட்டு வாங்கினார். ஊக்கால் நூலைக் கிளப்பி ஒன்பது பட்டனையும் ஒன்றொன்றாகக் கழற்றி ஜன்னல் திட்டில் வரிசையாக வைத்தார். பைப்பிங்கை ஒரே இழுப்பில் உருவினார். அது பாம்புச் சட்டை மாதிரி கட்டிலுக்குக் கீழே கிடந்தது. அக்கா பெருக்கும்போது எடுத்துப் போட்டார்.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. அக்கா கிச்சடியும் கீமாவும் செய்து எனக்கு ஒரு தட்டு மூடிவைத்திருந்தார். பாய் தூங்கிக்கொண்டிருந்தார். நான் சமையலறை வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

“அக்கா.”

“கீமா வேணுமா?”

“இல்ல. அந்தக் குஷன்ல நான் உக்காந்தப்ப பட்டன் உறுத்திச்சான்னு யோசிச்சுப் பாக்கறேன். ஞாபகமே இல்ல. எந்த சீட்டுமே ஞாபகம் இல்ல. எல்லாத்தையும் நல்லா இருக்குன்னுட்டேன்.”

அக்கா கிச்சடிக்கு ஊற்றிக்கொள்ளும் புளிப்புக் கட்டாவைக் கரண்டியால் கலக்கிக்கொண்டிருந்தார்.

“தெரியும்.”

“பாய்க்கு?”

“அவருக்கும் தெரியும். சீட்டுக்காவா உன்னக் கூப்ட்டாரு? பொழுது சாஞ்சாலும் மேல வெளக்கு எரியாது. சமைக்கற வாசன வராது. ஏறிவந்து பாக்க அவரால முடியாது. கீழ வந்தா ஒரு டீயாவது குடிப்பியேன்னுதான்.”

கையில் சோறு காய்ந்தது.

“அப்ப சீட்டை யார் பாத்தது?”

“யாரும் பாக்கல. அவரு கையி நல்ல கையி, அதனால ஓடிச்சு. நாங்க உன்ன ஏமாத்தினோம், நீ எங்கள ஏமாத்தினே. நடுவுல அவரு தோலு மாட்டிக்கிச்சு.” கட்டாவை என் தட்டில் ஊற்றினார். “தின்னு. ஆறிப்போச்சு.”

நான்காம் நாள் நிறம் மங்கியது. ஐந்தாம் நாள் அமுக்கினால் வெளுத்தது. அக்கா போனை எடுத்துக்கொண்டு மறுபடி மாடி ஏறினார். கேட்காமலே காட்டினார். அன்புச்செல்விக்கு அனுப்பினேன். இன்னும் இரண்டு நாள் பொறுங்கள், பிறகு அரைமணி நேரத்தில் ஆரம்பியுங்கள் என்று பதில் வந்தது.

எட்டாம் நாள் காலை, பக்கத்துத் தெரு தையல்காரரிடம் போகவேண்டாம் என்று பாய் சொல்லிவிட, அவர் படுத்தபடியே துணி வெட்டிக்கொடுக்க, அக்கா மிஷினில் உட்கார்ந்தார். வாங்கிவந்த ஜெல் குஷனுக்கு ஓர் உறைதான் வந்திருந்தது. வேர்வைக்குத் தினம் துவைக்க வேண்டும், மாற்றுக்கு இன்னொன்று வேண்டும். பனியன் துணி, சாம்பல் நிறம். பின்னறையிலிருந்து அதட்டல் வந்துகொண்டே இருந்தது.

“இழுக்காத. துணி போற போக்குல வுடு.”

“வுட்டுக்கினுதான் கீறேன்.”

“சத்தம் அப்டி வரலியே.”

“சத்தத்த வெச்சு தெக்கறவர் நீங்கதான். நான் கண்ண வெச்சு தெக்கறேன்.”

அக்கா உறையை மாட்டிப் பாயின் கட்டிலுக்குக் கொண்டுபோனார். தளர்ந்து, அங்கங்கே சுருங்கி, தலையணை உறை மாதிரி இருந்தது. பாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என் கடையிலேந்து போற சரக்கு. பாத்துக்க தம்பி. எவன்கிட்டயும் சொல்லாத.” பிறகு மரநாற்காலி ஒன்றைக் காட்டினார். “அதுல போட்டு குந்து. பேன்ட்டு வேணாம், லுங்கி கட்டிக்க. மெல்லிசா இருந்தாத்தான் தெரியும்.”

அவருடைய லுங்கியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அக்கா டீ கொண்டுவந்தார்.

“டீ அப்பறம். மொதல்ல குந்தட்டும்.”

டீயைக் கீழே வைத்துவிட்டு அக்கா சுவரோரம் நின்றார். தெருவில் காய்கறி வண்டி போனது. பள்ளிவாசல் பக்கம் யாரோ மோட்டார் போட்டார்கள். ஒன்றும் தெரியவில்லை. பழக்கத்தில் வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். எடையை இடது பக்கம் மாற்றினேன். வலது பக்கம் மாற்றினேன். ஃபேன் காற்று முழங்காலில் பட்டது. முதுகில் வேர்வை ஒரு கோடாக இறங்கியது. ஐந்து நிமிடம் போனது. பத்து போனது. ஜெல் என் எலும்புக்கு மெதுவாக இடம் கொடுத்துக் கீழே விட்டது. அதற்குப் பிறகுதான் அது தெரிந்தது.

“பாய்.”

“சொல்லு.”

“வலது பக்கம். தொடை ஆரம்பிக்கற எடத்துல. ஏதோ இருக்கு.”

“குத்துதா, உறுத்துதா?”

யோசித்தேன்.

“உறுத்துது. எள்ளு மாதிரி.”

“எந்திரிக்காத. வெரல வெச்சுக் காட்டு.”

காட்டினேன். அக்கா உறையை உருவி உள்பக்கம் திருப்பிக் கொடுத்தார். பாய் கட்டைவிரலால் தடவினார், இரண்டு முறை ஒன்றும் கிடைக்கவில்லை. மூன்றாம் முறை நின்றார். தையல் முடிந்த இடத்தில் அக்கா போட்ட முடிச்சு. நகத்தளவுகூட இல்லை. பல்லால் கடித்து எடுத்தார்.

“கண்ண வெச்சு தெச்சாளாம்,” என்றார்.

“கண்டுபுடிச்சது தம்பிதான், நீங்க இல்ல,” என்றார் அக்கா.

“திரும்ப குந்து தம்பி.”

உட்கார்ந்தேன். பத்து நிமிடம். இந்த முறை ஒன்றுமில்லை. இல்லை என்று தெரிந்தே சொன்னேன்.

குஷன் சக்கர நாற்காலிக்குப் போனது. பலகை போட்டு பாய் அதன்மேல் நகர்ந்தார். அக்கா மண்டிபோட்டுக் கையை உள்ளே விட்டார். பாய் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்தார். கை வந்துவிட்டது.

அரைமணி நேரம்தான் அனுமதி. பாய் திவானுக்கு அருகில் போய் விட்ட இடத்திலிருந்து ஆணிபோல ஊசியை இறக்கினார். கால் மணியில் போனில் அலாரம் அடித்தது. சலித்துக்கொண்டே முன்னால் குனிந்தார். நெஞ்சு முட்டியில் படிந்தது, தலை மேசைக்குக் கீழே போய்விட்டது. அக்கா கடிகாரத்தைப் பார்த்து நின்றார்.

ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்தேன். தொண்டையில் எரிந்தது.

“அக்கா, இன்னிக்கு இஞ்சி ஜாஸ்தியாப் போச்சு.”

 மேசைக்கு அடியிலிருந்து, தலைகீழாக, பாயின் குரல் வந்தது.

“பதினாலு மாசமா அதே இஞ்சிதான் தம்பி.”